முதல் தட்டலில் இருக்கும் ஓட்டை

வங்கிப் பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் முகவரிப் பட்டியில் வங்கியின் பெயரை மட்டும்தான் அடிக்கிறோம், முன்னால் எச்டிடிபி (http) என்றோ எச்டிடிபிஎஸ் (https) என்றோ யாரும் அடிப்பதில்லை. பக்கம் திறக்கிறது, எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது, கடவுச்சொல்லைப் போட்டுவிடுகிறோம். எண்டர் தட்டியதற்கும் பக்கம் வந்ததற்கும் நடுவில் ஒரு நொடிகூட ஆகியிருக்காது, ஆனால் பல வருடங்களாக ஓட்டை இருந்தது அந்த ஒரு நொடிக்குள்தான்.

ஒரு சர்வருக்கு, அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினிக்கு, வழக்கமாக இரண்டு வாசல்கள் உண்டு. 80 என்ற எண் போட்ட வாசல், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு, 443 என்ற வாசல் அதன் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ்ஸுக்கு. 80-இல் பேசுவதெல்லாம் திறந்த பேச்சு. வைஃபை பெட்டியை வைத்திருப்பவர், இணைய இணைப்பு தரும் நிறுவனம் என வழியில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், மாற்றியும் அனுப்பலாம். 443-இல் அப்படியில்லை. முதலில் சர்வர், சான்றிதழ் நிறுவனம் ஒன்று தனக்குத் தந்த டிஜிட்டல் சான்றிதழைக் காட்டி, நான் இன்னார்தான் என்று நிரூபிக்க வேண்டும். அப்புறம் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன, அதன் பிறகு போவது வருவது எல்லாமே நடுவில் இருப்பவருக்குப் புரியாத எழுத்துக் குப்பைதான்.

வெறும் பெயரை அடித்தால் பிரவுசர் எந்த வாசலைத் தட்டும்? பல வருடங்களாக 80-ஐத்தான் தட்டியது. அங்கே இருக்கும் சர்வர், "இங்கே வேண்டாம், 443-க்குப் போ" என்று திருப்பி அனுப்பும். நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். ஆனால் அப்படித் திருப்பி அனுப்பும் பதிலே திறந்த வாசலில் சொல்லப்படும் பதில், அதை நடுவில் ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டால் அது உங்களுக்கு வந்தே சேராது.

2009-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இதைத்தான் செய்து காட்டினார். அவருடைய கருவிக்கு எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் என்று பெயர். நடுவில் இருப்பவர் வங்கியோடு 443-இல் முறையாகப் பேசுவார், உங்களோடு 80-இல் பேசுவார். வங்கிக்குப் பாதுகாப்பான இணைப்பு வந்ததாகத்தான் தெரியும். உங்களுக்கும் அதே பக்கம், அதே லோகோ. போலிச் சான்றிதழ் காட்டியிருந்தால் பிரவுசர் சிவப்பாக எச்சரித்திருக்கும், ஆனால் இங்கே யாரும் சான்றிதழைக் கேட்கவே இல்லையே, எதை வைத்து எச்சரிப்பது? பேச்சை மறைக்கும் குறியாக்கக் கணக்கை யாரும் உடைக்கவில்லை, அது தொடங்கவே விடாமல் செய்துவிட்டார்கள்.

"வங்கி சரி, வெறும் செய்தியும் சமையல் குறிப்பும் படிக்கும் பக்கத்துக்கு எதற்கு இதெல்லாம்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2015-இல் பெங்களூருவைச் சேர்ந்த ஒரு நிரலாளர், 3ஜி இணைப்பில் தன் சொந்தத் தளத்தைத் திறந்தபோது அதன் மூல நிரலில் தான் எழுதாத ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டு ஒட்டிக்கொண்டு வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். சர்வரில் அது இல்லை, வழியில்தான் செருகியிருக்கிறார்கள். திறந்த வாசல் வழியாக வரும் எந்தப் பக்கத்திலும் இப்படி எதையும் செருகலாம், செருகியது உங்கள் பிரவுசரில் ஓடும். அதனால் படிக்க மட்டும் போகும் பக்கத்துக்கும் 443 வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தளம் நடத்துபவர்கள் பக்கமிருந்து ஒரு தீர்வு 2012-இல் முறையான தரமாக வந்தது, எச்எஸ்டிஎஸ் என்பார்கள். ஒருமுறை 443-இல் வந்த பிரவுசரிடம் சர்வர், "இனி 31536000 விநாடிகளுக்கு, அதாவது ஒரு வருடத்துக்கு, 80 பக்கம் போகவே போகாதே" என்று சொல்லி அனுப்பலாம், பிரவுசரும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் முதல் முறை போகும்போது? அந்தச் சொல்லே இன்னும் வந்து சேரவில்லையே. அதற்காக இப்படிக் கேட்டுக்கொண்ட தளங்களின் பட்டியலையே பிரவுசருக்குள் முன்கூட்டியே வைத்து அனுப்புகிறார்கள். இருந்தாலும் இதெல்லாம் தளத்துக்காரர் மனது வைத்தால்தான்.

443-இல்தான் போவேன் என்று நாமே முடிவெடுக்க வழி செய்ததுதான் முக்கியமான மாற்றம். 2010-இல் இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃப்ராண்டியர் ஃபவுண்டேஷனும் அடையாளம் மறைத்து உலாவ உதவும் டோர் திட்டமும் சேர்ந்து எச்டிடிபிஎஸ் எவ்ரிவேர் என்ற நீட்சியை, அதாவது பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரலை, வெளியிட்டார்கள், எந்தத் தளத்துக்கு 443 உண்டு என்று தன்னார்வலர்கள் விதி விதியாக எழுதிச் சேர்த்தார்கள். 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் தரத் தொடங்கியது, அதன் பிறகு சின்னச் சின்னத் தளங்களும் 443-க்கு வந்துவிட்டன. 2020 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 83, எப்போதும் 443-இலேயே போகும் வசதியைத் தனக்குள்ளேயே கொண்டுவந்தது, அடுத்த வருடம் குரோமிலும் வந்தது, அப்புறம் அந்த நீட்சிக்கு வேலை இல்லாமல் போய் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

இப்போதைய பிரவுசர்கள் தாமாகவே முதலில் 443-ஐத் தட்டிப் பார்க்கின்றன என்பது உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது. 443 பதில் தரவில்லை என்றால் சத்தமில்லாமல் 80-க்கு இறங்கிவிடுவதும் உண்டு. நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு 443-ஐ அடைப்பது மிகச் சுலபமான வேலை, அடைத்தால் போதும், பழைய கதைதான். பாதுகாப்பான இணைப்பு மட்டும் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் அந்தச் சத்தமில்லாத இறக்கம் நின்றுவிடும். பிரவுசர் முழுப் பக்க எச்சரிக்கை காட்டி, நீங்களாகச் சம்மதித்தால்தான் 80-க்குப் போகும்.

ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸ் போய் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் கீழே இறங்கினால் எச்டிடிபிஎஸ்-ஒன்லி மோட் இருக்கும், எல்லா விண்டோக்களுக்கும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். குரோமில் அதே பெயருள்ள பகுதிக்குள் ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்ஷன்ஸ் என்று இருக்கும், ஆண்ட்ராய்டு போனிலும் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு இடம் கொஞ்சம் மாறுவதால் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் செக்யூர் என்று அடித்துத் தேடுவது எளிது. வீட்டில் பெரியவர்கள் போனிலும் போட்டுக் கொடுங்கள், கூடவே ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: பாதுகாப்பான இணைப்பு என்றால் வழியில் யாரும் பார்க்க முடியாது என்பதுதான் பொருள், எதிர்முனையில் இருப்பவர் நல்லவர் என்று பொருள் இல்லை. மோசடித் தளமும் இலவசச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள முடியும். முகவரிப் பட்டியில் இருந்த பூட்டுச் சின்னத்தை மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023-இல் அதை எடுத்தேவிட்டது.

போட்ட பிறகு இரண்டு இடங்களில் இடறலாம். ஒன்று ரயில் நிலையம், விடுதி மாதிரி இடங்களின் வைஃபை. முதலில் ஒரு உள்நுழைவுப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காக நம் கோரிக்கையை அவர்கள் நடுவில் பிடிப்பார்கள், எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் செய்த அதே வேலை, நோக்கம்தான் வேறு. 443-இல் அது நடக்காது என்பதால் பக்கம் திறக்காமல் நிற்கும். வைஃபையில் உள்நுழையவும் என்று போன் காட்டும் அறிவிப்பைத் தொட்டு முடித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும். இன்னொன்று வீட்டு ரவுட்டரின் 192.168.1.1 மாதிரியான முகவரி. பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் இத்தகைய உள்வீட்டு முகவரிகளுக்குச் சான்றிதழ் தருவதில்லை, ஃபயர்பாக்ஸ் இயல்பாகவே இவற்றை விட்டுவிடும். வேறு பிரவுசரில் எச்சரிக்கை வந்தால், இருப்பது உங்கள் வீட்டு வைஃபையில்தான் என்று பார்த்துக்கொண்டு தொடரலாம்.