நாள் தள்ளிப்போகும் முன்பே போட வேண்டிய மாத்திரை

கர்ப்பம் உறுதியான பிறகு ஃபோலிக் அமிலம் தொடங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

28 நாள் சுழற்சியில் ஏறக்குறைய 14-ஆம் நாள் கரு உருவாகிறது. ஆக, மாதவிலக்கு வரவேண்டிய நாளிலேயே கருவுக்கு வயது 2 வாரம். நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் பொறுத்துப் பரிசோதித்தால் 3 வாரம். கிட்டத்தட்ட அதே நேரத்தில், கருவின் முதுகுப் பக்கம் தட்டையாகக் கிடந்த தகட்டின் இரு விளிம்புகளும் மேலெழுந்து மடிந்து, கழுத்துப் பகுதியில் ஒட்டத் தொடங்குகின்றன. பிறகு மேலும் கீழுமாக மூடிக்கொண்டே போய் 28-ஆம் நாள் வாக்கில் முழுக் குழாயாகிவிடும். மூளையும் தண்டுவடமும் இந்த நரம்புக்குழாயிலிருந்துதான் வளர்கின்றன. அப்போது கரு ஓர் அரிசிமணி அளவுதான். மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாது. அந்தக் குழந்தை பிழைக்காது. கீழே திறந்து நின்றால் முதுகுத்தண்டுப் பிளவு: கால்கள் செயலிழக்கலாம், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம்.

இந்தக் குழாய் உருவாகச் செல்கள் பிரிய வேண்டும், செல் பிரிய டிஎன்ஏ நகலாக வேண்டும். அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினைத் தயாரிக்க ஃபோலேட் தேவை (ஃபோலிக் அமிலம் அதன் மாத்திரை வடிவம்). கீரை, பயறுகளில் அது உண்டு. ஆனால் நீரில் கரையும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு போய்விடும். மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலம் இதைவிட நன்றாக உடலில் சேரும்.

அளவு, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். கருத்தரிக்கும் முன் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் முடியும்வரை. இரத்தச் சிவப்பணுக்களில் ஃபோலேட் அளவு ஏறப் பல வாரம் பிடிப்பதால்தான் இந்த முன்னேற்பாடு.

5 மில்லிகிராம் மாத்திரை வேறு கதை. அது 400 மைக்ரோகிராமைப் போல் பன்னிரண்டரை மடங்கு. முந்தைய கருவில் நரம்புக்குழாய் மூடாத குறை வந்தவர்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வில் (1991) மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் மருத்துவர் கூடுதல் அளவு எழுதக்கூடும். (வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) மல்டிவைட்டமின் மாத்திரைகளை நாலைந்தாகப் போட்டு இந்த அளவை எட்ட முயல்வது ஆபத்து, கூடவே ரெட்டினால் வகை வைட்டமின் ஏ-யும் ஏறும், அது மிகுந்தால் கருவுக்குக் கேடு.

பி12 குறைபாட்டையும் மறக்க வேண்டாம். அதிக ஃபோலிக் அமிலம் அந்தக் குறைபாட்டால் வரும் இரத்தசோகையை மட்டும் சரிசெய்து, நரம்பில் நடக்கும் சேதத்தை வெளியே தெரியாமல் மறைத்துவிடலாம். அசைவமும் பாலும் தொடாதவர்கள் முதலிலேயே பரிசோதிப்பது நல்லது.

இரும்புச்சத்து மாத்திரையிலும் பெரும்பாலும் ஃபோலிக் அமிலம் சேர்ந்தே வரும். நாலாம் மாதத்தில் தொடங்கினால் இரத்தசோகைக்கு உதவும், நரம்புக்குழாய்க்கு அல்ல. அதைத் தேநீரோடு விழுங்காதீர்கள், கால்சியத்தோடும் சேர்க்காதீர்கள். இரண்டுமே இரும்பை உடலில் சேரவிடாது.

ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டியதில்லை. நாள் தள்ளிப்போன பிறகுதான் தெரியவந்தது என்றால், இன்றே தொடங்கி கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் முடியும்வரை தொடருங்கள்.