சைக்கிளுக்கு ஒரு வழி: தடமா, பாதையா?

கும்பகோணத்தில் நான் வழக்கமாகக் காற்றடிக்கப் போகும் சைக்கிள் கடை அண்ணனிடம் போன மாதம் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினேன். ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் பயமில்லாமல் போய்வர ‘பைக் லேன்’ போட்டிருக்கிறார்கள் என்று தமிழில் எழுதியிருந்தது. டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “பைக்குக்குத் தனி வழியா? அவங்களுக்குத்தான் ரோடு முழுக்க இருக்கே தம்பி. சைக்கிளுக்கு ஒண்ணும் போடலையா?”

அவர் சரியாகத்தான் படித்தார். எழுதியவர்தான் சொல்லைச் சரியாகப் போடவில்லை.

பைசிக்கிள் என்பது இரண்டு மொழிகளை ஒட்டிச் செய்த சொல். ‘பை’ லத்தீனில் இரண்டைக் குறிக்கும். ‘குக்ளோஸ்’ கிரேக்கத்தில் வட்டம், சக்கரம். இந்தக் குக்ளோஸும் வடமொழிச் சக்ரமும் ஒரே வேரில் கிளைத்தவை என்று மொழியியலார் சொல்கிறார்கள். ஆக, சைக்கிளும் நாம் அன்றாடம் சொல்லும் சக்கரமும் தூரத்துச் சொந்தம். ஜெர்மானியர்கள் சைக்கிள் பாதையை ‘ராட்வேக்’ என்கிறார்கள். அதிலுள்ள ‘ராட்’ என்ற சக்கரத்துக்கும் வடமொழி ரதத்துக்கும் அதே மாதிரி ஓர் உறவு உண்டு. திருவாரூர் ஆழித்தேர் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. ஆழி என்ற தமிழ்ச் சொல்லுக்கும் சக்கரம் என்று ஒரு பொருள் இருக்கிறது.

ஆங்கிலத்தில் பைசிக்கிளைச் சுருக்கி ‘பைக்’ என்றார்கள். அது மிதிக்கும் வண்டிக்கும் ஆகும், மோட்டார் வண்டிக்கும் ஆகும். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நாம் அப்படி விடவில்லை. சொல்லின் பின்பாதியான சைக்கிளை மிதிக்கிற வண்டிக்கும், முன்பாதியிலிருந்து வந்த பைக்கை முறுக்குகிற வண்டிக்கும் என்று பங்கு பிரித்துக்கொண்டோம். தெளிவான, நல்ல பிரிவினை. அதனால்தான் ‘பைக் லேன்’ என்பதைத் தமிழில் அப்படியே இறக்கக் கூடாது. இறக்கினால் யாருக்காக அந்த வழி போடப்பட்டதோ, அவர்களே அதிலிருந்து வெளியே போய்விடுகிறார்கள்.

சரி, சைக்கிளுக்கு நம் சொல் மிதிவண்டி. மிதித்த வண்டி, மிதிக்கிற வண்டி, மிதிக்கும் வண்டி என்று மூன்று காலமும் உள்ளே மறைந்து நிற்பதால் இது வினைத்தொகை. வண்டியின் வரலாற்றையும் இந்தச் சொல் சரியாகப் பிடித்துவைத்திருக்கிறது. 1817இல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக்காட்டிய இருசக்கர மர வண்டிக்கு மிதிகட்டையே கிடையாது. காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். 1860களில் பிரான்சில் முன்சக்கரத்தில் மிதிகட்டை வந்தது. 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் வண்டியில் சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றியது. இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் உருவம் ஏறக்குறைய அதுதான். டிரைஸ் செய்தது மிதிவண்டி ஆகாது, ஸ்டார்லி செய்தது மிதிவண்டி.

இலங்கைத் தமிழர் துவிச்சக்கர வண்டி என்பார்கள். ஈருருளி என்று எழுதுகிறவர்களும் உண்டு. உருள்வதால் உருளி, அழகான ஆக்கம். ஆனால் இரண்டு சக்கரம் என்ற அடையாளம் இப்போது போதவில்லை. ‘இருசக்கர வாகனம்’ என்றால் தமிழ்நாட்டில் ஸ்கூட்டரும் பைக்கும்தான். மிதிப்பதுதான் சைக்கிளைத் தனியாகக் காட்டுகிறது. ‘எதிர்க்காத்துல மிதிக்க முடியல’ என்று நாம் பேசுவதும் இதே வினையை வைத்துத்தான். 2001-02இல் தொடங்கி, பின்பு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் எல்லாருக்கும் விரிந்த திட்டத்தால் ‘விலையில்லா மிதிவண்டி’ என்ற தொடர் தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போய்விட்டது. இனி அதை யாருக்கும் விளக்க வேண்டாம்.

லேன் என்பதுதான் கொஞ்சம் சிக்கல். பழைய ஆங்கிலத்தில் அது வேலிகளுக்கோ வீடுகளுக்கோ நடுவில் போகும் குறுகிய வழி. தஞ்சாவூரில் வீதிக்கு வீதி இருக்கும் சந்துதான் அது. பின்னால், ஒரே சாலையைக் கோடு போட்டுப் பிரித்த பட்டைக்கும் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். சைக்கிள் விஷயத்தில் ஆங்கிலச் சாலைப் பொறியாளர்கள் இரண்டு சொற்களைப் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். கார் ஓடும் சாலையிலேயே ஓரமாகக் கோடு போட்டு ஒதுக்கினால் லேன். உயர்த்தியோ தடுப்பு வைத்தோ தனியாகப் பிரித்தால் டிராக். நம் செய்திகளில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வருகிறது. வெறும் கோட்டைப் போட்டுவிட்டு ‘மிதிவண்டிப் பாதை அமைத்தாயிற்று’ என்று சொல்ல அதனால் இடம் கிடைத்துவிடுகிறது. எனக்கு இதில்தான் வருத்தம்.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. தடம் இருக்கிறது. மழை நின்ற மறுநாள் களிமண் வண்டிப்பாதையைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மாட்டுவண்டிச் சக்கரம் பதிந்து போன இரண்டு பள்ளமும் வெயிலில் இறுகி நிற்கும். அடுத்த வண்டியின் சக்கரம் தானாக அதிலேயே விழும். சைக்கிளின் முன்சக்கரம் அதற்குள் இறங்கிவிட்டால் ஹேண்டில்பாரை ஒடித்தாலும் வெளியே வராது. காலை ஊன்றித் தூக்கித்தான் எடுக்க வேண்டும். கால்தடம், வண்டித்தடம், பேருந்தின் தடம் எண், ரயில் தடம் புரள்வது எல்லாவற்றிலும் அந்தப் பொருள்தான்: ஒன்று போய்ப் பதிந்த, இனியும் அது போக வேண்டிய கோடு. சாலையின் மேலேயே குறித்துக்காட்டும் பட்டைக்குத் தடம் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது.

பாதை வேறு. நடைபாதை, சுரங்கப்பாதை, இருப்புப்பாதை, ஒற்றையடிப் பாதை என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றும் மற்றப் போக்குவரத்திலிருந்து விலகித் தனியே கிடப்பது. வெறும் கோடு போட்ட இடத்தை யாரும் நடைபாதை என்று ஒப்புக்கொள்வதில்லை. கல்லோ சிமெண்டோ வைத்து ஒரு படி உயர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மிதிவண்டிப் பாதை என்ற சொல்லுக்கும் அந்த எதிர்பார்ப்பு வேண்டும்.

‘வழி’ ஆகாதா என்று கேட்கலாம். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்கு வழிச்சாலை என்கிறோமே, அங்கே லேன் என்பது வழிதானே? உண்மைதான். ஆனால் பேருந்துப் பலகையில் ‘வழி: கும்பகோணம்’ என்று படித்துப் பழகிய கண்ணுக்கு ‘மிதிவண்டி வழி’ என்பது சைக்கிள் மூலமாக என்றுதான் படும். ஆறு என்ற சொல்லுக்கும் பழந்தமிழில் வழி என்ற பொருள் உண்டு. வழிகாட்டுவதால்தான் ஆற்றுப்படை. இன்று அதை மீட்டெடுத்து வைத்தால் யாருக்கும் விளங்காது. என்றாலும் இந்தப் பக்கத்து ஊர்களில் ஆற்றங்கரை மேலேயே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்த இரண்டு பொருளும் ஒரே இடத்தில் கிடந்தது தெரியும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், மேலே நிழல், எதிரே எப்போதாவது ஒரு வண்டி. ஆற்றுப் பக்கம் ஒரு கைப்பிடிச் சுவரும் இருட்டினால் ஒரு விளக்கும் இருந்தால் போதும், எத்தனையோ கரைகள் அப்படியே நல்ல மிதிவண்டிப் பாதைகள்.

ஆக, கோடு மட்டும் போட்டிருந்தால் மிதிவண்டித் தடம், பிரித்துக் கட்டியிருந்தால் மிதிவண்டிப் பாதை. இதோடு இன்னொரு சொல்லையும் சேர்க்க ஆசைப்படுகிறேன்: வரப்பு. பாதைக்கும் சாலைக்கும் நடுவில் வைக்கும் தடுப்புக்கு ‘இடைப்பட்டை’ என்றும் ‘பிரிப்பான்’ என்றும் மொழிபெயர்க்கிறார்கள். டெல்டாக்காரனுக்கு அது வரப்புதான். இந்தத் தண்ணீர் இந்த வயலுக்கு, அந்தத் தண்ணீர் அந்த வயலுக்கு என்று நிறுத்தி வைப்பது. வரப்பு இல்லாமல் கோடு கிழித்துவிட்டுத் தண்ணீர் நிற்கும் என்று எந்த விவசாயியும் நம்ப மாட்டார்.

கோடு எப்படிக் கரையும் என்று நானே பார்த்தேன். கடைத்தெருச் சாலை ஒன்றில் ஓரமாகப் பட்டை வெள்ளைக்கோடு போட்டு, உள்ளே சைக்கிள் படமும் வரைந்திருந்தார்கள். சில வாரத்தில் அந்தப் படத்தின் மேல் பைக்குகள் வரிசையாக நின்றன. தள்ளுவண்டி ஒன்றும் கடைப்பலகை ஒன்றும் வந்து சேர்ந்தன. ஏழாவது படிக்கும் என் மகள் ஒவ்வொரு பைக்கையும் சுற்றிக்கொண்டு பேருந்துக்கு முன்னால் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், மறுபடி வெளியே வந்தாள். கோடே இல்லாத சாலையில் அவள் நேராகவாவது போயிருப்பாள்.

எட்டு வயதுக் குழந்தைக்கும் எண்பது வயதுப் பெரியவருக்கும் ஆகிற மாதிரி செய்தால் நடுவில் இருக்கிற எல்லாருக்கும் ஆகும் என்று நகர வடிவமைப்பாளர்கள் சொல்வதுண்டு. அதை நம் ஊர்க் கண்ணால் பார்க்க வேண்டும். குரங்குப் பெடல் போடும் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு எட்டாது. பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, உடம்பை மறுபக்கம் தள்ளி, அரைச்சுற்று அரைச்சுற்றாக மிதித்துக்கொண்டு போவான். அவன் போகிற கோடு பாம்பு மாதிரி வளையும். இப்போது சின்னச் சைக்கிள்கள் வந்துவிட்டன, ஆனால் பழகுகிற பிள்ளையின் தள்ளாட்டம் போய்விடவில்லை. அப்புறம், கேரியரில் புல்லுக்கட்டு வைத்து வரும் தாத்தா. கட்டு ஹேண்டில்பாரை விட அகலம். அவர் மெதுவாகத்தான் வருவார்; மெதுவாகப் போனால் சைக்கிள் இன்னும் அதிகமாக ஆடும். வேகமாக ஓட்டும் இளைஞரை மட்டும் மனதில் வைத்து அகலத்தைக் குறித்தால் இந்த இருவரும் அதில் அடங்க மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் இருவர் போக இரண்டு மீட்டராவது வேண்டும். நம் நாட்டுச் சாலைகளுக்கு நெறிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சைக்கிள் பாதைக்கென்று தனி நெறிமுறையை 1962லேயே வெளியிட்டுவிட்டது. எனவே இது நமக்குப் புதிதாக வந்த யோசனையும் இல்லை.

தடமா பாதையா என்பதை வேகம்தான் முடிவு செய்ய வேண்டும். வண்டிகள் 30 கிலோமீட்டருக்குள் ஊர்ந்து போகும் குறுகிய தெருவில் தடமே போதும். பல தெருக்களுக்கு அதுவும் வேண்டாம், எல்லாரும் கலந்து போகலாம். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் வலு நான்கு மடங்காகும். 60இல் பேருந்து ஓடும் சாலையில் வரப்பு வைத்த பாதைதான் சரி. நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். இன்று உலகம் பாராட்டும் அந்த நாட்டுப் பாதைகள் பலவற்றுக்குப் பின்னால் அந்தத் துக்கமும் இருக்கிறது.

முச்சந்தியிலும் நாற்சந்தியிலும்தான் பாதைகள் பெரும்பாலும் கைவிட்டுவிடுகின்றன. நேராகப் போகும் சைக்கிளை இடது பக்கம் திரும்பும் லாரி பார்ப்பதில்லை. மூலையில் ஒரு சிறு திட்டு கட்டிவிட்டால் லாரி அகலமாக, மெதுவாகத் திரும்ப வேண்டியிருக்கும். ஓட்டுநர் கண்ணுக்கு நேரே சைக்கிள் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் பாதை நிழற்குடைக்குப் பின்னால் சுற்றிப் போக வேண்டும். சாக்கடை மேல் போடும் கம்பி மூடியில் கம்பிகள் சக்கரம் போகும் திசையிலேயே இருந்தால் டயர் உள்ளே இறங்கிவிடும். குறுக்காக வைக்க வேண்டும். டெல்டாவுக்கென்று ஒன்று: அறுவடை முடிந்தால் வண்டி வராத சமதளத்தில் நெல்லும் உளுந்தும் காயும். சக்கரம் நெல் மேல் ஏறினால் வழுக்கும். நெல் காயவைப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பக்கத்திலேயே ஒரு களம் கட்டித் தர வேண்டும்.

எழுதும்போது ஒற்றை விட வேண்டாம்: மிதிவண்டித் தடம், மிதிவண்டிப் பாதை. மிதிவண்டிக்கான தடம், மிதிவண்டிக்கான பாதை என்று விரிவதால் அங்கே வல்லினம் மிகும். பேச்சில் சைக்கிள் பாதை என்றே இருக்கட்டும். இதையெல்லாம் சைக்கிள் கடை அண்ணனிடம் சொன்னேன். ஒட்டுப்போட்ட டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “வரப்பு எவ்ளோ உசரம் வைப்பாங்க? பைக் ஏறாத உசரமா?”