விதிக்குக் கட்டுப்படுகிறதா என்று சர்வரிடமே கேட்பது எப்படி?

"எந்தச் சர்வருக்குள்ளும் வெறும் கடவுச்சொல்லைக் கொடுத்துத் தொலைவிலிருந்து நுழைய முடியக் கூடாது; மறையாக்கச் சாவி வேண்டும்." ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கையில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல விதி. இணையத்தில் வெளிப்பட்டு நிற்கும் சர்வர்களின் கதவை, கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. விதியை எழுதி ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. நிறுவனத்திடம் 2,000 சர்வர்கள் இருக்கின்றன. இந்த நிமிடம் அவற்றில் எத்தனை இந்த வரிக்குக் கட்டுப்படுகின்றன?

நெடுங்காலம் இந்தக் கேள்விக்குக் கிடைத்துவந்தது ஓர் அனுமானம்தான். ஆண்டுக்கு ஒரு முறை தணிக்கையாளர் வருவார். சில சர்வர்களைத் தேர்ந்தெடுத்து ஸ்கிரீன்ஷாட் கேட்பார். விரிதாளில் 'ஆம்' என்று பதிவாகும். தணிக்கையாளர் மீது குறை சொல்ல முடியாது. 2,000 சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 200 விதிகள் என்றால் நான்கு லட்சம் சரிபார்ப்புகள். கையால் ஆகிற வேலை இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அவர் பார்த்துவிட்டுப் போன மறுநாளே சர்வர் மாறத் தொடங்கிவிடுவது. நள்ளிரவில் ஒரு கோளாறைச் சரிசெய்ய வந்த பொறியாளர் ஒரு கட்டுப்பாட்டைத் தற்காலிகமாகத் தளர்த்துவார். மீண்டும் இறுக்க மறந்துபோவார். ஒரு மென்பொருள் புதுப்பிப்பு கூடவே, மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் ஒரு புதிய உள்ளமைவுக் கோப்பையும் கொண்டுவந்து வைக்கும். யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே, சர்வர் தன் ஆவணத்திலிருந்து நாளுக்கு நாள் விலகிப் போகும்.

தானியங்கிச் சோதனை செய்வது இதுதான்: விதியை, கணினி தானே இயக்கிப் பார்க்கக்கூடிய கேள்வியாக எழுதிவிடுகிறது. நிரலாளர்கள் தங்கள் நிரலுக்குச் சோதனை எழுதும் வழக்கம் பழையது. அதைச் சர்வரின் நிலைக்குக் கொண்டுவந்த கருவிகளில் முக்கியமானது கோசுகே மியாஷிதா 2013-இல் வெளியிட்ட சர்வர்ஸ்பெக். அதன் வழியில் பிறந்து, செஃப் நிறுவனத்தின் மூலம் பரவிய இன்ஸ்பெக், விதி இணக்கத்தையே முதன்மை நோக்கமாக எடுத்துக்கொண்டது. இவற்றில் எழுதப்படும் சோதனை கிட்டத்தட்ட வாக்கியம் போலவே இருக்கும். 'ஷேடோ கோப்பு: இருக்க வேண்டும், அதன் உரிமையாளர் ரூட்டாக இருக்க வேண்டும், மற்றவர்களால் படிக்க முடியக் கூடாது.' (ஷேடோ என்பது கடவுச்சொற்களின் மறைவடிவங்கள் இருக்கும் லினக்ஸ் கோப்பு; ரூட் என்பது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு.) 'போர்ட் 23: எந்த நிரலும் அதில் காத்திருக்கக் கூடாது.' (போர்ட் என்பது வலையமைப்பிலிருந்து சர்வருக்குள் வரும் எண்ணிட்ட வாசல்.) கூடவே விதியின் அடையாள எண், அது ஏன் தேவை என்ற விளக்கம், மீறினால் எவ்வளவு ஆபத்து என்பதை 0 முதல் 1 வரை காட்டும் மதிப்பு ஆகியவையும் சேர்ந்தே இருக்கும்.

நிரல் எழுதத் தெரியாத தணிக்கையாளரும், கொள்கை ஆவணத்தைப் புரட்டிப் பார்க்க நேரமில்லாத பொறியாளரும் ஒரே பிரதியைப் படித்து வாதிட முடிகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றம் இது.

வாக்கியத்துக்குப் பின்னால் நடக்கும் வேலை இப்படி: சோதனை நிரல் வேறொரு கணினியில் இருந்துகொண்டு, பெரும்பாலும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் நெறிமுறை) வழியாகச் சர்வருக்குள் போகிறது. 'கோப்பு' என்று எழுதியிருந்தால், அந்த இயங்குதளத்தில் கோப்பின் அனுமதிகளைச் சொல்லும் கட்டளை எதுவோ அதை இயக்குகிறது. 'போர்ட்' என்றால் எந்த நிரல் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்ற பட்டியலை வாங்குகிறது. லினக்ஸில் ஒரு வழி, விண்டோஸில் வேறு வழி. அந்த வேறுபாட்டைக் கருவி கவனித்துக்கொள்கிறது. சோதனை எழுதுகிறவர் என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். வந்த பதிலை எதிர்பார்ப்புடன் ஒப்பிட்டு, தேறியதா தவறியதா என்று முடிவு எழுதப்படுகிறது. சோதனை எதையும் மாற்றுவதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறது. மாற்றியமைக்க பப்பெட், ஆன்சிபிள் போன்ற வேறு கருவிகள் இருக்கின்றன. சரிசெய்வதும் சரிபார்ப்பதும் ஒரே நிரலின் கையில் இருந்தால், ஒன்றில் உள்ள தவறு மற்றொன்றையும் ஏமாற்றிவிடும். இரண்டையும் பிரித்து வைப்பதே நல்லது.

விதிகளை ஒவ்வொரு நிறுவனமும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. இணையப் பாதுகாப்பு மையம் எனப்படும் சிஐஎஸ், ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அளவுகோல்களை வெளியிடுகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஸ்டிக் என்ற பெயரில் தன் வழிகாட்டிகளை வைத்திருக்கிறது. அட்டைப் பணப்பரிமாற்றத்தைக் கையாளும் நிறுவனங்களுக்கு 2004-இல் பிறந்த பிசிஐ டிஎஸ்எஸ் தரம் இருக்கிறது. இவற்றைச் சோதனைகளாக மாற்றிய தொகுப்புகள் பலவும் பொதுவெளியிலேயே கிடைக்கின்றன. எல்லா விதிகளையும் சோதனையாக மாற்றிவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'முன்னாள் ஊழியரின் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும்' என்ற விதியைச் சரிபார்க்க, யார் முன்னாள் ஊழியர் என்பது தெரிய வேண்டும்; அது சர்வருக்குத் தெரியாது.

கருவியும் விதியும் கையில் இருந்தும் பலர் சறுக்குவது, கேள்வியைச் சர்வரின் எந்த இடத்தில் கேட்பது என்பதில்தான். மேலே சொன்ன கடவுச்சொல் விதியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் யாருக்கும் தோன்றுவது, எஸ்எஸ்எச் சேவையின் உள்ளமைவுக் கோப்பைத் திறந்து, கடவுச்சொல் நுழைவுக்கு 'நோ' என்று எழுதியிருக்கிறதா என்று தேடுவது. இருக்கிறது. சோதனை தேறிவிட்டது. ஆனால் எஸ்எஸ்எச் சேவையைத் தரும் பரவலான மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சின், 2020-இல் வந்த 8.2 பதிப்பு முதல், அந்தக் கோப்பு வேறு கோப்புகளையும் உள்ளிழுக்க முடியும். உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்களில் அப்படி உள்ளிழுக்கும் வரி கோப்பின் தலைப்பகுதியிலேயே இருக்கிறது. ஒரே அமைப்பு இரண்டு இடங்களில் வந்தால் முதலில் வந்ததே செல்லும் என்பது ஓபன்எஸ்எஸ்எச்சின் விதி. கிளவுடில் சர்வரை உருவாக்கும் நிரல் உள்ளிழுக்கப்படும் கோப்பு ஒன்றில் 'யெஸ்' என்று எழுதி வைத்திருந்தால், கீழே நீங்கள் எழுதிய 'நோ' யாராலும் படிக்கப்படாத வரியாகிவிடும். சோதனை பச்சை காட்டும். சர்வர் கடவுச்சொல்லை ஏற்கும்.

ஆகவே கோப்பைப் படிக்காமல், கோப்பிலிருந்து நிரல் என்ன புரிந்துகொள்கிறது என்று கேட்க வேண்டும். எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் படித்து முடிவான மதிப்புகளை அச்சிட ஓபன்எஸ்எஸ்எச்சிலேயே ஒரு வழி உண்டு. அதுவும் முழுப் பதில் ஆகாது. குறிப்பிட்ட பயனருக்கோ முகவரிக்கோ மட்டும் வேறு மதிப்பைத் தரும் பகுதிகள் கோப்பில் இருக்கலாம். அந்தப் பயனரின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் அவை வெளிப்படும். கோப்பைத் திருத்திய பிறகு சேவையை மறுதொடக்கம் செய்யாமல் விட்டிருந்தால், நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய அமைப்பு. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது: கடவுச்சொல் நுழைவை மூடிவிட்டு, விசைப்பலகை வழிக் கேள்வி-பதில் முறையைத் திறந்தே வைத்திருந்தால், அந்தப் பாதை வழியாகவும் கடவுச்சொல் கேட்கப்படலாம்.

இத்தனையையும் தாண்டி உண்மையை அறிய ஒரு வழி, வெளியிலிருந்து உள்ளே நுழைய முயல்வது. எஸ்எஸ்எச் நெறிமுறையில், வாடிக்கையாளர் நிரல் எந்த அடையாளமும் காட்டாமல் ஒரு கோரிக்கை அனுப்பலாம். சர்வர் அதை மறுத்து, தான் ஏற்கும் வழிமுறைகளின் பட்டியலைத் திருப்பி அனுப்பும். அந்தப் பட்டியலில் கடவுச்சொல் இருக்கிறதா? விசைப்பலகை முறை இருக்கிறதா? ஊடுருவ வருகிறவர் எந்தச் சர்வரைப் பார்ப்பாரோ அதே சர்வரை அப்போது சோதனையும் பார்க்கிறது. ஒரு விதிக்கு ஒரு சோதனை போதும் என்று நினைப்பவர்களிடம் நான் வலியுறுத்துவது இதைத்தான்: முக்கியமான விதியை உள்ளேயும் கேளுங்கள், வெளியேயும் கேளுங்கள். இரண்டு பதிலும் பொருந்தவில்லை என்றால், அந்த முரண்பாட்டிலிருந்தே விசாரணையைத் தொடங்கலாம்.

மென்பொருள் பதிப்பு எண்ணிலும் இதே சிக்கல் வரும். ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை 2014 ஏப்ரலில் வெளியானபோது, இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகள் பாதிக்கப்பட்டவை, 1.0.1ஜி சரிசெய்யப்பட்டது என்று அறிவிக்கப்பட்டது. டெபியன், ரெட்ஹேட் ஆகிய லினக்ஸ் விநியோகங்கள் தங்கள் வழக்கப்படி 1.0.1இ பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, திருத்தத்தை மட்டும் அதற்குள் சேர்த்தன. எழுத்தை மட்டும் ஒப்பிட்ட சோதனைகள், சரிசெய்யப்பட்ட சர்வரைப் பார்த்தும் 'ஆபத்து' என்றன. இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. வட்டில் புதிய நூலகம் வந்துவிடுகிறது. பதிப்பு எண் சரியாக இருக்கிறது. ஆனால் மறுதொடக்கம் செய்யப்படாத வலைச் சர்வர் பழைய நூலகத்தையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. லினக்ஸில் ஒவ்வொரு செயல்முறையின் நினைவக வரைபடத்தைப் பார்த்தால், அந்தப் பழைய நூலகத்தின் பெயருக்கு அருகே 'நீக்கப்பட்டது' என்ற குறிப்பு தெரியும். அதைத் தேடும் சோதனையை எழுதச் சில வரிகள் போதும். பதிப்பு எண் சோதனை இருக்கும் இடத்தில் எல்லாம் இதுவும் இருக்க வேண்டும்.

சோதனை எந்தக் கட்டத்தில் ஓட வேண்டும்? இயன்றவரை முன்னதாக, அதோடு நிற்காமல் தொடர்ந்து. புதிய சர்வர்களுக்கு அச்சாக இருக்கும் படிமம் உருவாகும்போதே சோதனை ஓடினால், தவறிய படிமம் பயன்பாட்டுக்கே வராது. டெராஃபார்ம் போன்ற கருவியில் எழுதப்பட்ட கிளவுட் திட்டத்தை, எதுவும் உருவாவதற்கு முன்பே ஓபன் பாலிசி ஏஜென்ட் போன்ற கருவியால் ஆராயலாம்: 'தரவுத்தளத்தின் போர்ட் உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறதா?' 2017 ஜனவரியில் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் பணம் கேட்கும் குறிப்புகள் வைக்கப்பட்டன. மாங்கோடிபி வழக்கமாகக் காத்திருக்கும் 27017-ஆம் போர்ட் வெளியிலிருந்து திறக்கிறதா என்ற ஒரு கேள்வி அந்தச் சர்வர்களுக்குப் போதுமாக இருந்திருக்கும். அந்த ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பில், மாங்கோடிபி இயல்பாகவே சொந்த இயந்திரத்துக்குள் மட்டும் காத்திருக்கும்படி மாற்றப்பட்டது.

அறிக்கையைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். தேறியது, தவறியது ஆகிய இரண்டோடு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: சோதிக்கவே முடியவில்லை. அனுமதி போதவில்லை, கோப்பு எதிர்பார்த்த இடத்தில் இல்லை, சர்வர் பதிலளிக்கவில்லை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இந்த மூன்றாவதைத் தேறியதோடு சேர்த்து எண்ணும் அறிக்கை ஆபத்தானது. அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் நடந்தது இதற்கு வலிமிகுந்த சான்று. வலைச் செயலிகளை உருவாக்க உதவும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச் 7-இல் திருத்தம் வந்தது. அந்நிறுவனம் அதே மாதத்தில் தன் சர்வர்களைத் தேடிப் பார்த்தது. தேடல் எதையும் காட்டவில்லை. ஓட்டையோ அங்கேயே இருந்தது. மே மாதம் உள்ளே வந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல்களைக் கொண்டுபோனார்கள். வலையமைப்பின் போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய சாதனத்துக்கு, மறையாக்கப்பட்ட தரவைத் திறந்து பார்க்கத் தேவையான டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, அது பார்வையிழந்து கிடந்தது. ஜூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்த பிறகுதான் ஊடுருவல் கண்ணில் பட்டது. சான்றிதழ் எத்தனை நாளில் காலாவதியாகும் என்று கேட்பது, எழுதக்கூடிய சோதனைகளிலேயே மிக எளிதானது.

விலக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியாயமான காரணத்தால் சில சர்வர்களில் சில விதிகளைக் கடைப்பிடிக்க முடியாது. அப்போது சோதனையை நீக்குவதோ, பிறகு பார்க்கலாம் என்று சிவப்பை அப்படியே விடுவதோ தவறு. யார் ஒப்புக்கொண்டார், ஏன், எந்த நாள் வரை என்று எழுதிய விலக்கைச் சோதனையோடு சேர்த்தே வைக்கலாம். அந்த நாள் கடந்ததும் விதி தானாக மீண்டும் அமலுக்கு வரும். சிவப்பு நிரந்தரமாகிவிட்ட அறிக்கையை எவரும் படிப்பதில்லை. சோதிக்கும் கணினியையும் மறந்துவிடக் கூடாது. எல்லாச் சர்வர்களுக்குள்ளும் உயர்ந்த அனுமதியோடு போக முடிகிற சாவி அதனிடம் இருக்கிறது. எல்லாவற்றிலும் கடுமையான விதிகள் அந்தக் கணினிக்குத்தான் பொருந்த வேண்டும்.

விதிக்கு இணங்குவதும் பாதுகாப்பாக இருப்பதும் எப்போதும் ஒன்றாகவே போவதில்லை. கடவுச்சொல்லைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கட்டாயமாக மாற்றச் சொல்வது பயனற்றது என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே தன் வழிகாட்டியில் அதைக் கைவிட்டது. 90 நாள் விதியைச் சோதிக்கும் தொகுப்புகள் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தன.

2024-இல் நடந்தது இன்னும் ஆழமானது. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அதைப் பராமரித்த ஒருவரே இரகசியக் கதவு ஒன்றை வைத்திருந்தார். எஸ்எஸ்எச் சேவை அந்த நூலகத்தைத் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் லினக்ஸ் விநியோகங்களைக் குறிவைத்த கதவு அது. கோப்பு அனுமதிகள் சரி, போர்ட்டுகள் சரி, கடவுச்சொல் நுழைவு மூடியிருக்கிறது, மென்பொருள் முறையான களஞ்சியத்திலிருந்து வந்தது. எந்த இணக்கச் சோதனையை ஓட்டியிருந்தாலும் முழுப் பச்சைதான். எஸ்எஸ்எச் நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்து மார்ச் 29-இல் அறிவித்தார்.

அறிவிப்பு வந்த நிமிடத்திலிருந்து வேலை வேறு. எந்த நூலகம், எந்த இரண்டு பதிப்புகள் என்பது தெரிந்துவிட்டது. அதைச் சோதனையாக எழுத மூன்று நான்கு வரிகள் போதும். ஏற்கனவே எல்லாச் சர்வர்களையும் தொடர்ந்து சோதித்துவந்த குழு, அந்த வரிகளைத் தன் தொகுப்பில் சேர்த்து ஓட்டி, எந்தெந்த இயந்திரத்தில் அந்தப் பதிப்பு இருக்கிறது, எதை அணுகவே முடியவில்லை என்ற இரு பட்டியல்களையும் அன்றே கையில் எடுத்துக்கொள்ள முடிந்தது.