இழுத்தால் பவளம் போச்சு

பவளப்பாறைமேல் சிக்கிக் கிடக்கும் பழைய வலையைக் கண்டதும், பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் கை பரபரக்கும். கடல் குப்பையை அகற்ற இறங்கும் தன்னார்வ முக்குளிப்பாளர்களுக்கு முதல் பாடமே அந்தக் கையை அடக்குவதுதான். உருண்டையாக வளரும் பவளங்களில் பலவும் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. ஒரு இழுப்பில் முறிவது எத்தனை வருட வளர்ச்சி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக வலையை அப்படியே விட்டுவிடவும் முடியாது. நைலான் மக்குவதில்லை. மேல் கயிற்றில் மிதவை, கீழ்க் கயிற்றில் ஈயக்குண்டு என்று இருப்பதால், தொலைந்த வலையும் பல நாள் செங்குத்தாக நின்று மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். செத்த மீனைத் தின்ன வரும் நண்டும் அதிலேயே மாட்டும். 'பேய் வலை' என்று சும்மா பெயர் வைக்கவில்லை. பிளாஸ்டிக் உரசும் பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதத்திலிருந்து 89 சதவீதமாக எகிறுகிறது என்று ஆசிய பசிபிக் பகுதியின் 159 பாறைத்திட்டுகளைப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது.

ஆகவே வெட்டித்தான் எடுக்க வேண்டும். கத்தியைவிடக் கத்தரிக்கோல் நல்லது. தொளதொளவென்று கிடக்கும் வலை நூலைக் கத்தியால் அறுக்க அதை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுவிசை நேரே பவளத்தில் போய் விழும். கத்தரிக்கோலுக்கு அது தேவையில்லை. ஒருவர் வலையைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் கண்ணி கண்ணியாக நறுக்கிக்கொண்டே போவார். பவளம் வலையைத் தன்னுள் மூடி வளர்ந்திருந்தால், சுற்றிலும் நறுக்கிவிட்டு அந்தத் துண்டை அங்கேயே விட்டுவிடுவார்கள்.

வெட்டியதை மேலே அனுப்புவதில்தான் இயற்பியல் இருக்கிறது. நைலானின் அடர்த்தி கடல்நீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கரையில் 100 கிலோ இருக்கும் நைலான் நீருக்குள் சுமார் 10 கிலோதான் கனக்கும். வலையோடு கட்டிய, வாய் கீழ்நோக்கிய பையில் 10 லிட்டர் காற்றை அடைத்தாலே கிளம்பத் தயாராகிவிடும். ஈயத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. தன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள்ளும் அப்படியே இருக்கும். அதனால் குண்டு கோத்த கயிற்றைத் தனியே பிரித்துவிட்டால் வேலை எளிது.

ஆபத்தும் இந்தப் பையில்தான். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் மூன்று மடங்கு. அங்கே 10 லிட்டராக இருந்த காற்று, மேலே வருவதற்குள் 30 லிட்டராக விரியப் பார்க்கும். விரிய விரிய வேகம் கூடும். மிஞ்சும் காற்று பையின் வாய் வழியே கொப்புளித்து வெளியேறினாலும் வேகம் குறைவதில்லை. வலையின் ஒரு நூல் துடுப்புக் காலணியில் மாட்டியிருந்தால் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போய்விடும். அவ்வளவு வேகமாக மேலேறினால் நுரையீரல் கிழியலாம், இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உருவாகலாம். பையை யாரும் உடம்போடு கட்டிக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

படகில் ஏற்றும்போது, நீர் தாங்கிக்கொண்டிருந்த எடை முழுக்கத் திரும்பி வந்துவிடும். சொட்டும் தண்ணீர் வேறு கூடுதல். பிறகு எடை போட்டு, வகை பிரித்து, எழுதி வைக்கிறார்கள். படத்துக்கு எடுப்பாக இல்லாத வேலை என்றாலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கண்ணியின் அளவையும் நூலின் தடிமனையும் வைத்து, எந்த வகை மீன்பிடிப்பில் தொலைந்த வலை என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.