பாமினி ஏன் இன்னும் போகவில்லை?

கோபிசெட்டிபாளையத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி, ஆண்டு மலருக்கான கட்டுரையை ஈரோட்டுப் பேருந்தில் அமர்ந்தபடியே கைப்பேசியில் எழுதி முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மலரை அச்சிடும் டி.டி.பி. கடைக்கு அதை அனுப்பினால், "இத பாமினிக்கு மாத்திக் குடுங்க கண்ணு, பேஜ்மேக்கர்ல எடுக்காதுங்க" என்று பதில் வருகிறது. பாமினி ஒரு பழைய தமிழ் எழுத்துரு; பேஜ்மேக்கர் அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருள். கைப்பேசியில் தெளிவாகத் தெரியும் தமிழைக் கடைக் கணினியால் ஏன் படிக்க முடியவில்லை?

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. கைப்பேசி பின்பற்றும் யூனிகோடு என்ற உலகப் பொது எண்முறையில் 'த' என்ற எழுத்துக்கு 2980 என்ற எண் உண்டு. உலகில் வேறெந்த எழுத்துக்கும் அந்த எண் கிடையாது. பாமினியிலோ 'த' 106 என்ற எண்ணில் அமர்கிறது. அது ஆங்கில 'ஜே' எழுத்தின் இருக்கை. எனவே கோப்பில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான். பாமினி எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். வரிசையும் வேறுபடும். 'கொங்கு' என்ற சொல்லின் முதலெழுத்துக்குப் பாமினியில் முதலில் கொம்பு, பிறகு 'க', இறுதியில் கால் என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் அடிக்க வேண்டும். யூனிகோடிலோ 'க' முன்னே நிற்க, ஒகரக் குறி அதைத் தொடர்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. 2001-இல் வெளிவந்த 7.0 பதிப்போடு நின்றுவிட்ட பேஜ்மேக்கருக்கு அந்த வேலை தெரியாது.

தமிழ்நாடு அரசு இதில் கை கட்டி நிற்கவில்லை. 1999-இல் தமிழ் 99 விசைப்பலகையும் எழுத்துக்கு எண் தரும் முறைகளான டாம், டாப் குறியாக்கங்களும் தரமாக அறிவிக்கப்பட்டன. 2010 ஜூனில், கோவை கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், யூனிகோடும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியாக்கமும் அரசின் தரங்களாயின. கோவையில் மாநாடு நடந்து, அந்த அறிவிப்பும் வந்த பிறகும், கோவையைச் சுற்றியுள்ள ஊர்களின் அச்சு வேலைகளில் பாமினி நீடித்ததற்குக் காரணம் அறியாமை அன்று.

கடைக்காரரின் இடத்திலிருந்து பார்த்தால் இது விளங்கும். அவருடைய கணினியில் பல ஆண்டுத் திருமண அழைப்பிதழ்களும் கோயில் நோட்டீசுகளும் பாமினியில் கிடக்கின்றன. பழைய வாடிக்கையாளர் வந்தால் பெயரையும் நாளையும் மாற்றி ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடலாம். அவரிடம் வேலை செய்பவரின் விரல்கள் அந்த விசைகளில் பழகியவை. அவர் மட்டும் மாறினால் செலவு முழுவதும் அவருடையது. பலனோ எல்லாரும் மாறிய பிறகுதான் வரும். ஒவ்வொருவரும் தமக்குச் சரியான முடிவையே எடுக்க, ஊர் மொத்தமும் பழையதிலேயே நிற்கிறது. ஆங்கிலத் தட்டச்சு விசைப்பலகையின் வரலாற்றைக் கொண்டு பொருளியலறிஞர் பால் டேவிட் 1985-இல் விளக்கியது இதைத்தான். அந்த விசைப்பலகை மற்றவற்றைவிடத் தாழ்ந்தது என்பதை 1990-இல் பொருளியலறிஞர்கள் லீபோவிட்சும் மார்கோலிசும் மறுத்து வாதிட்டனர். பாமினி விஷயத்தில் அந்த ஐயத்துக்கு இடமில்லை என்பது என் கருத்து: தேட முடியாத, எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாத ஒரு கோப்பு குறையுள்ள கோப்பே.

இதில் எழுத்துரு மாற்றிகளின் பங்கு வியப்பானது. யூனிகோடைப் பாமினியாக நொடியில் மாற்றித் தரும் இந்தக் கருவிகள் மாணவிக்கு உதவுகின்றன. அதே சமயம், மாறாமல் இருப்பதற்கான செலவைக் குறைத்து, பழைய முறையின் ஆயுளையும் நீட்டிக்கின்றன.

கைப்பேசியில் யூனிகோடு எளிதாக வென்றது, அங்கே காப்பாற்ற வேண்டிய பழைய கோப்பு எதுவும் இல்லாததால்தான். அதே கடைக்காரர் மலர் தயாராகிவிட்டதென வாட்ஸ்அப்பில் தமிழில் தெரிவிக்கும்போது யூனிகோடில்தான் எழுதுகிறார். மாணவி தன் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டுரையின் ஒரு சொல்லைத் தேடினால், அகப்படப்போவது அந்தப் படிதான்.