ட்ரிப் ஆகாத எம்.சி.பி.யும் கருகும் பிளக்கும்

வடசென்னையின் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதி வீடுகளில் வயரிங் வேலை பார்க்கும்போது நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "எம்.சி.பி. போட்டிருக்கோமே சார், அப்புறம் எப்படி பிளக் கருகுது?" எம்.சி.பி. என்பது மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும், அதாவது ட்ரிப் ஆகும், சுவிட்ச். நியாயமான இந்தக் கேள்விக்கான விடை, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நாம் படித்த ஓம் விதியிலேயே இருக்கிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். கீசருக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு, கீசரின் பிளக் செருகப்படும் சாக்கெட்டுக்கும், அதன் பின்னால் இருக்கும் ஒரு சிறிய திருகுக்கும் அப்படியே பொருந்தும் என்பதைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் கீசரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட், 2000 வாட் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தால், அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். அதன் ஹீட்டர் சுருளின் மின்தடை சுமார் 26.5 ஓம். இது 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கும் 16 ஆம்பியர் பவர் பாயிண்ட்டுக்கும் மிகச் சாதாரணமான சுமை.

காசிமேட்டில் ஒரு மாடி வீட்டில், குளியலறைக்கு வெளியே இருந்த பவர் பாயிண்ட்டின் ஒரு துளையைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. கீசர் ஓடும்போது ஒற்றை வயரை மட்டும் கிளாம்ப் மீட்டருக்குள் விட்டுப் பார்த்ததில் 8.5 ஆம்பியர் காட்டியது. அதே நேரத்தில், சாக்கெட்டுக்கு வந்து சேரும் வயரின் செம்புக்கும் சாக்கெட்டின் பித்தளைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தபோது 3.4 வோல்ட் இருந்தது. இறுக்கமான இணைப்பில் அங்கே ஒரு வோல்ட்டின் சிறு பகுதிகூட இருக்கக் கூடாது. 3.4-ஐ 8.5-ஆல் வகுத்தால் 0.4 ஓம், இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 29 வாட். ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவர்கள் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அப்படியொரு சூடான முனை, சுவருக்குள் மூடிய பெட்டியில், கீசர் ஓடும் நேரமெல்லாம் எரிந்துகொண்டிருந்தது என்றே சொல்ல வேண்டும். (மின்சாரம் ஓடும்போது செய்யும் இந்த அளவீடு பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே உரியது, வீட்டிலிருப்பவர்கள் ஒருபோதும் முயல வேண்டாம்.)

எம்.சி.பி. ஏன் பேசாமல் இருந்தது? அது கவனிப்பது மின்னோட்டத்தின் அளவை மட்டுமே. தளர்ந்த திருகு மின்தடையைக் கூட்டுவதால் மின்னோட்டம் சற்றுக் குறையவே செய்யும். மின்சாரம் எர்த்துக்குக் கசியாததால், அப்படிக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் ட்ரிப் ஆகாது. இரண்டு பாதுகாப்புக் கருவிகளும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே பிளக் கருகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அதே 0.4 ஓம் இணைப்பில் 0.3 ஆம்பியர் எடுக்கும் மின்விசிறி மட்டும் ஓடினால், உண்டாகும் வெப்பம் ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆண்டுக்கணக்கில் ஒரு குறையும் தெரியாமல் இருந்த பழைய இணைப்பு, புதிதாகக் கீசரோ இண்டக்‌ஷன் அடுப்போ வாங்கி மாட்டிய சில நாட்களில் கருகுவதற்குக் காரணம் இதுதான். பலர் புதுப் பொருளைக் குறை சொல்லிக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்கிறார்கள். குறை சுவருக்குள் இருக்கிறது.

பழைய வீடுகளைப் போர்ஷன்களாகப் பிரித்து, ஒரே போர்டிலிருந்து பின்கட்டு வரை மெல்லிய வயரை இழுத்திருப்பதை நம் பகுதியில் நிறையப் பார்க்கலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 18 ஓம். இருபது மீட்டர் தூரம் என்றால் போகவும் வரவும் நாற்பது மீட்டர், அதாவது 0.72 ஓம். 8.5 ஆம்பியரில் அங்கே 52 வாட் வீணாகிறது. ஆனால் அது நாற்பது மீட்டருக்கும் பரவிவிடுவதால் வயர் இலேசாகச் சுடுவதோடு நின்றுவிடும். அதிலும் குறைந்த 29 வாட், விரல்நுனி அளவு இடத்தில் குவியும்போதுதான் ஆபத்து. மெல்லிய வயர் சரி என்று இதற்குப் பொருளில்லை. பவர் பாயிண்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டரோ அதற்கு மேலோதான் இழுக்க வேண்டும்.

கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உப்புக்காற்று இந்தச் சிக்கலைப் பெரிதாக்குகிறது. செம்பில் பச்சைக் களிம்பு ஏறினால் தொடுபரப்பு குறைகிறது, மின்தடை கூடுகிறது, சூடு கூடுகிறது, சூட்டில் உலோகம் விரிந்து சுருங்கித் திருகு மேலும் தளர்கிறது. ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாகவே வளரும் கோளாறு இது.

"வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்ட் அதிகமாக இழுக்கும்" என்று சொல்வது கீசருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் பொருந்தாது. அவற்றின் மின்தடை ஏறக்குறைய மாறாதது என்பதால், 200 வோல்ட்டில் நம் கீசர் 1500 வாட் அளவுக்கே வேலை செய்யும். தண்ணீர் சூடாகத் தாமதமாகும், அவ்வளவுதான். சுமையோடு ஓடும் மோட்டார்களுக்கும் இன்வெர்ட்டர் ஏ.சி.க்கும் அந்தக் கூற்று பொருந்தும். அவற்றுக்கு, மின்னழுத்தமும் மின்னோட்டமும் எந்த அளவுக்கு ஒத்து இயங்குகின்றன என்பதைக் காட்டும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தே மின்திறனைக் கணக்கிட வேண்டும்.

நிறம் மாறிய சாக்கெட், மீன் நாற்றம் போன்ற பிளாஸ்டிக் வாடை, பயன்படுத்தியபின் கழற்றும்போது கை பொறுக்காத அளவு சுடும் பிளக் ஊசி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அவர் சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போக விடாதீர்கள். கருகிய வயரின் நுனியைப் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டச் சொல்லுங்கள். போர்டில் அந்த வயர் தொடங்கும் இடத்திலுள்ள திருகையும், நியூட்ரல் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பட்டையான நியூட்ரல் லிங்க்கின் திருகுகளையும் இறுக்கச் சொல்லுங்கள். பழைய அலுமினிய வயரோடு செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் அந்த இணைப்பை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. இரு உலோகங்களுக்கும் ஏற்ற கனெக்டர் போட வேண்டும், அல்லது அந்த அலுமினிய வயரையே எடுத்துவிட வேண்டும்.