மெச்சுவர் பீல்ட்: தமிழில் முதிர்ந்த எண்ணெய் வயல்

ஓமான், குவைத் பக்கம் எண்ணெய்க் கொம்பனிகளில் வேலை செய்துவிட்டு லீவில் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வரும் எங்கள் பெடியளின் வாயில் சாதாரணமாக வரும் சொல் ‘மெச்சுவர் பீல்ட்’. கேட்கிற ஆட்கள் அதை எண்ணெய் முடிந்துபோன இடம் என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது பிழை. ஒரு வயலின் உற்பத்தி உச்சத்துக்குப் போய், அங்கே கொஞ்சக் காலம் நின்று, பிறகு இறங்கத் தொடங்கினால் அதுதான் மெச்சுவர் பீல்ட். நிலத்துக்குள் இருக்கும் எண்ணெயில் பாதிகூட அநேகமாக எடுபட்டிருக்காது. பாறைக்குள் இருந்த அழுத்தம் குறைந்துவிட்டதால் அது தானாக மேலே வராது, அவ்வளவுதான்.

‘மெச்சுவர்’ லத்தீன் ‘மாத்தூருஸ்’ என்பதிலிருந்து வந்தது. பழுத்தது, காலத்துக்கு வந்தது என்று பொருள். அதை அப்படியே பிடித்து ‘முற்றிய வயல்’ என்று எழுதினால் வன்னியில் யாருக்கும் காலபோக நெல்லும் அருவிவெட்டும்தான் ஞாபகத்துக்கு வரும், அதாவது இனித்தான் அள்ளப்போகிறோம் என்ற எண்ணம், கருத்து தலைகீழாகிவிடும். ‘வற்றிய’ என்பதும் சரிவராது. ‘முதிர்ந்த’ என்றால் வயது போனதும் தெரியும், இன்னும் உயிரோடு இருப்பதும் தெரியும். ‘பீல்ட்’ என்பதற்கு வயல் என்றே சொல்லலாம், அரபியிலும் பயிர் நிலத்துக்குரிய ‘ஹக்ல்’ என்ற சொல்லைத்தான் எண்ணெய் வயலுக்கும் சொல்கிறார்கள்.

எண்ணெய் என்ற சொல் எள்ளும் நெய்யும் சேர்ந்தது. பெற்றோலியத்தில் உள்ள லத்தீன் ‘ஓலியம்’ ஒலிவ் எண்ணெயிலிருந்து வந்தது, ‘பெத்ரா’ என்றால் பாறை. இரண்டு மொழியும் விதையையும் பழத்தையும் பிழிந்து வைத்த பெயரை நிலத்துக்குள் இருந்து வந்ததற்கும் கொடுத்திருக்கின்றன, எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது. சுத்திகரிக்காததை நாங்கள் மசகு எண்ணெய் என்கிறோம், தமிழ்நாட்டில் கச்சா எண்ணெய். அங்கே மசகு என்றால் இயந்திரத்துக்குப் போடுவது, அதனால் இரு பக்கத்தாரும் வாசிக்கும் இடத்தில் எழுதும்போது கவனம் வேண்டும்.

சரி, முதிர்ந்த வயலில் வேலை என்ன? பெரும்பாலும் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதுதான். கிணற்றுத் தலையில் இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து மாதிரி எடுப்பார்கள், அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி வேகமாகச் சுழற்றுவார்கள், எண்ணெய் மேலே நிற்கும், தண்ணீர் கீழே இறங்கிவிடும், கோட்டைப் பார்த்து எவ்வளவு என்று குறிப்பார்கள். இதைத்தான் ‘வோட்டர் கட்’ என்பார்கள், தமிழில் நீர்ப்பங்கு என்றால் போதும். முதிர்ந்த வயல்களில் நீர்ப்பங்கு 90 வீதத்தைத் தாண்டுவது புதினமில்லை. 100 பீப்பாய் மேலே வந்தால் 10 பீப்பாய்கூட எண்ணெய் இல்லை, மிச்சம் உப்புத் தண்ணீர். ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லீற்றர் என்று வைத்துப் பாருங்கள், அவ்வளவு தண்ணீரையும் பிரித்து எங்கேயாவது விடவேண்டும், அதுவும் பாலைவனத்தில். ஓமானின் நிம்ர் வயலில் அந்தத் தண்ணீரைப் பெரிய நாணல் பாத்திகளுக்குள் விட்டுச் சுத்தமாக்குகிறார்கள்.

அந்த நாட்டில் பஹூத் வயல் 1964 இல் கண்டுபிடிக்கப்பட்டது, ஏற்றுமதி 1967 இல் தொடங்கியது. பஹ்ரைனில் 1932 இல் எண்ணெய் கண்ட வயலில் இன்னும் எடுக்கிறார்கள். வயது போன வயலுக்கு ஒவ்வொரு வைத்தியம் இருக்கிறது. தெற்கு ஓமானில் மர்முல் வயலுக்குள் 2010 முதல் பொலிமர் கரைத்த, கொழகொழப்பான தண்ணீரை இறக்குகிறார்கள், வெறும் தண்ணீர் என்றால் எண்ணெயை விட்டுவிட்டு இடைவெளியால் ஓடிவிடும், இது தள்ளிக்கொண்டு வரும். அமல் வயலில் எண்ணெய் தடிப்பு, அதை இளக்க நீராவி வேண்டும், அந்த நீராவியில் ஒரு பகுதியை வெயிலிலேயே எடுக்கிறார்கள், வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளில் மணல் படியாமல் இருக்க அவற்றைக் கண்ணாடி வீடுகளுக்குள் வைத்து.

‘பிரவுன் பீல்ட்’ என்றும் சொல்வார்கள். ஏற்கெனவே குழாயும் இயந்திரமும் போட்டு ஓடிக்கொண்டிருக்கும் வயல் அது. தயவுசெய்து ‘பழுப்பு வயல்’ என்று எழுதாதீர்கள், ‘இயங்கிவரும் வயல்’ என்றால் விளங்கும். கிணற்றுக்குள் சீமெந்து இறக்கி அடைத்து, மேலே இருந்த வால்வுகளைக் கழற்றி எடுத்துவிட்டால் அது ‘கைவிட்ட கிணறு’, அதற்கு மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொள்வோம்.